வைத்தியசாலைச் சிட்டையும் கிரிப் அறிக்கையும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் லீசிங் பற்றி எழுதியபின் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் தொடங்குகின்றன. எனக்கு வியப்பில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வங்கியின் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். விண்ணப்பத்தில் "வீடு திருத்துவதற்கு" என்று எழுதியிருக்கும். எதிரே உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்டால் அந்த வீட்டுக்குள் ஒரு நோயாளி இருப்பார்.

கேள்வி: என் கணவருக்குப் பித்தப்பையில் கல். அரச வைத்தியசாலையில் திகதி கிடைக்கும்வரை வலி பொறுக்க முடியாமல் கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தோம். 3,80,000 ரூபாய் வந்தது. கையில் இருந்தது போதாமல் முச்சக்கரவண்டியின் புத்தகத்தை வைத்து ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டரை இலட்சம் எடுத்தோம். அவர் படுத்திருந்தபோது மூன்று தவணை பிந்தியது. பிறகு ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டோம். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் "கிரிப்பில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வைத்தியசாலையில் இன்னும் 22,000 ரூபாய் பாக்கி. அவர்கள்தான் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்களா?
– பெயர் வேண்டாம், டிக்கோயா

பதில்: இல்லை, தங்கை. கிரிப் என்று எல்லோரும் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வங்கிகள், நிதி நிறுவனங்கள், லீசிங் நிறுவனங்கள் என்று கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள்தான் அதற்குத் தகவல் அனுப்புகிறார்கள். தனியார் வைத்தியசாலையின் காசாளர் அந்த வரிசையில் இல்லை. ஆகவே அந்த 22,000 ரூபாய் உங்கள் அறிக்கையில் இருக்காது. இருப்பது முச்சக்கரவண்டிக் கடனும் அதில் பிந்திய தவணைகளும்தான்.

"கிரிப்பில் இருக்கிறது" என்று கவுண்டரில் சொல்லி அனுப்புவது பதிலே அல்ல. வங்கிக் கடன் வாங்கிய யாரும் அங்கே இருப்பார், நானும் இருக்கிறேன். ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டியவரின் கணக்கும் அதே அறிக்கையில்தான் வருகிறது. பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொல்வதுமில்லை. தீர்மானம் வங்கியுடையது. உங்கள் வருமானம் இந்தத் தவணைக்குப் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் அதிகாரிகளுக்கு கிரிப் ஒரு வசதியான மறைப்பு. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பலரோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

எனவே முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை. அடையாள அட்டையுடன் உங்கள் வங்கிக் கிளையில் கேட்கலாம்; பணியகத்திடம் நேராகவும் விண்ணப்பிக்கலாம். சிறு கட்டணம் உண்டு. கையில் கிடைத்ததும் அந்த நிதி நிறுவனத்தின் கடன் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று இருந்தால் பற்றுச்சீட்டுகளையும் கடன் தீர்த்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நிதி நிறுவனத்திடம் போங்கள். தகவலைத் திருத்தி அனுப்ப வேண்டியது அதை அனுப்பிய நிறுவனம்தான். பணியகம் தானாக அதைத் திருத்தாது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1935.

தவணை பிந்தியது உண்மை என்பதால் அறிக்கையில் அந்தப் பதிவு இருக்கத்தான் செய்யும். யாராலும் அதை நீக்க முடியாது. ஆனால் அதற்கு விளக்கம் சொல்ல முடியும். வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். சத்திரசிகிச்சை நடந்த நாள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாள், அவர் மீண்டும் வண்டி ஓட்டத் தொடங்கிய நாள், தவணை பிந்திய மாதங்கள், அவை முழுவதும் கட்டப்பட்ட நாள். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணையுங்கள். கடன் அதிகாரி திகதிகளைத்தான் பொருத்திப் பார்ப்பார். நோயின் மாதங்களும் பிந்திய மாதங்களும் ஒன்றாக இருந்து, அதன்பின் வந்த மாதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கோப்பு மேலே போகும். வெறுமனே "குடும்பக் கஷ்டம்" என்று எழுதிய கடிதங்கள் எங்கள் மேசையில் குவிந்து கிடக்கும். அவற்றால் யாருக்கும் பயனில்லை.

22,000 ரூபாய்க்கு மீண்டும் எங்கேயும் கடன் எடுக்க வேண்டாம், கடனட்டையிலும் கட்ட வேண்டாம். வைத்தியசாலைக் கணக்குப் பிரிவுக்குப் போய் மாதம் எவ்வளவு முடியும் என்று எழுதிக் கொடுங்கள். வட்டியில்லாமல் நான்கைந்து தவணையில் வாங்கிக்கொள்ளக் கூடும். அவர்களுக்கும் வழக்கறிஞரை அமர்த்துவதைவிட அது இலாபம். அப்படியும் வழக்கறிஞர் கடிதம் வந்தால் பயந்து ஒதுக்கி வைக்காமல் பதில் எழுதுங்கள். சிறு தொகைத் தகராறு நீதிமன்றம் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து பேசலாம், தமிழிலேயே பேசலாம். சிட்டையில் செய்யாத பரிசோதனைக்குப் பணம் போட்டிருப்பதாகச் சந்தேகம் இருந்தால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு முறையிடலாம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

வண்டிப் புத்தகத்தை வைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் வைத்தியசாலைக்குக் கொடுக்க வேண்டிய பணமாக இருந்தவரை அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான கணக்கு. நிதி நிறுவனத்தின் கடனாக மாறிய அன்றுதான் அது கிரிப்புக்குப் போனது. தவணைக்கு விடுவார்களா என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: என் மகன் நியூயோர்க்கில் ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கிறான். சென்ற குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அம்புலன்சில் கொண்டுபோனார்கள். காப்புறுதி ஒரு பகுதியைக் கட்டியது. 1,840 டொலர் மிச்சம். இப்போது கடன் வசூலிக்கும் நிறுவனம் ஒன்று அழைத்து, கட்டாவிட்டால் கிரெடிட் ரிப்போர்ட்டில் போடுவோம் என்கிறதாம். கடனட்டையில் கட்டிவிடப் போகிறேன் என்கிறான். என் வளையல்களை அடகு வைத்து அனுப்பட்டுமா? அங்கே அவன் பெயர் கெட்டால் இங்கே நான் பிணை நின்ற கடனுக்கும் பாதிப்பு வருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்

பதில்: டீச்சர், வளையலைக் கழற்றாதீர்கள். மகனிடமும் கடனட்டையைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று தனியார் நிறுவனங்கள் கடன் அறிக்கைகளைத் தயாரிக்கின்றன. அங்கே எழுதப்படுவது நம் கிரிப்புக்கு வராது. மகனின் சிட்டைக்கு நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை என்றால் அந்தக் கடன் உங்களுடையதும் அல்ல.

அங்கே நிலைமை நம் நாட்டுக்கு நேர்மாறு. வைத்தியசாலைச் சிட்டை வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய், அதன் வழியாக அறிக்கையில் ஏறுவது நெடுநாள் வழக்கம். அண்மையில்தான் தளர்ந்தது. 2022 ஜூலை முதல், கட்டி முடித்த மருத்துவ வசூல் கடன்களை மூன்று நிறுவனங்களும் அறிக்கையிலிருந்து நீக்கின. கட்டாதவற்றையும் ஒரு வருடம் கழியும்வரை போடுவதில்லை என்றன. 2023 ஏப்ரலில் 500 டொலருக்கு உட்பட்டவற்றையும் எடுத்துவிட்டன. எல்லா மருத்துவக் கடனையும் நீக்கும் மத்திய அரசின் விதி ஒன்று 2025 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸில் உள்ள நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. ஆகவே பொது விதிப்படி பார்த்தால் 1,840 டொலர் ஒரு வருடத்துக்குப் பின் ஏறலாம், ஏறினால் ஏழு வருடம்வரை நிற்கலாம்.

ஆனால் மகன் இருப்பது நியூயோர்க்கில். அந்த மாநிலத்தில் 2023 டிசம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. வைத்தியசாலைகளும் வைத்தியர்களும் அம்புலன்ஸ் சேவைகளும் நோயாளியின் கடனைக் கடன் அறிக்கை நிறுவனங்களுக்கு அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று வாதிடும் விளக்கம் ஒன்றை மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2025 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது ஒரு விளக்கம்தான். நியூயோர்க் சட்டத்தை யாரும் நீக்கிவிடவில்லை. சட்டப்படி செய்ய முடியாததைச் செய்வோம் என்று மிரட்டுவதும் வசூல் நிறுவனத்துக்குத் தடை. தொலைபேசியில் பேசிய குரலுக்கு இவை தெரிந்திருக்கும். உங்கள் மகனுக்குத் தெரியாது என்பதில்தான் அவர்கள் பிழைப்பு.

இப்போது கடனட்டை ஏன் கூடாது என்பது புரியும். அந்த நியூயோர்க் சட்டம் பொதுவான கடனட்டையில் ஏற்றிய கடனைப் பாதுகாப்பதில்லை. இன்று அது வைத்தியசாலைக் கடன். அட்டையைத் தேய்த்த மறு நிமிடம் வெறும் கடனட்டைக் கடன். வட்டியும் கூட வரும், தவணை பிந்தினால் அறிக்கையிலும் ஏறும். டிக்கோயாத் தங்கை வண்டிப் புத்தகத்தை வைத்த கதைதான் டொலரில் நடக்கிறது.

மகன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், "இப்போதைக்கு ஒரு 50 டொலர்" என்றாலும் கொடுக்க வேண்டாம். வசூல் நிறுவனம் கடனின் விபரத்தை எழுத்தில் அனுப்பியாக வேண்டும். அது கிடைத்து 30 நாட்களுக்குள், இந்தக் கடனை நிரூபியுங்கள் என்று அவன் எழுதினால், ஆதாரம் தரும்வரை வசூலிப்பதை நிறுத்த வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பதும் சட்டம். இதெல்லாம் 1977 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் உரிமை.

அதே வாரத்தில் வைத்தியசாலையிடம் கேட்டு வாங்கிய, வரி வரியாகப் பிரித்த சிட்டையையும், காப்புறுதி நிறுவனம் எதைக் கட்டியது, எதை ஏன் மறுத்தது என்று சொல்லும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவசரப் பிரிவில் காப்புறுதியின் பட்டியலில் இல்லாத வைத்தியர் பார்த்தார் என்று கூடுதலாகக் கேட்டிருந்தால் அது 2022 முதல் மத்திய அரசின் சட்டப்படி தடை. தரைவழி அம்புலன்ஸ் மட்டும் அந்த மத்திய சட்டத்துக்குள் வரவில்லை. (இங்கே 1990 ஐ அழைத்தால் சுவசெரிய வண்டி காசு வாங்காமல் மலையேறி வருகிறது. நேரத்துக்கு வருகிறதா என்பது வேறு கோபம்.)

சிட்டை சரியானதாகவே இருந்தாலும் உடனே கட்ட வேண்டாம். வைத்தியசாலையின் நிதி உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். இலாப நோக்கமற்ற வைத்தியசாலைகள் அப்படி ஒரு திட்டத்தை வைத்திருக்க வேண்டும். முதல் சிட்டையிலிருந்து 240 நாட்களாவது விண்ணப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். சம்பளம் சுமாரானது என்றால் பாதியோ முழுவதுமோ குறையலாம். நம் பிள்ளைகள் இதைப் பிச்சை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். சட்டம் கொடுப்பதை வாங்க என்ன வெட்கம்? குறைத்தபின் மிஞ்சும் தொகையைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், அப்போது வளையலைப் பற்றி யோசிப்போம்.

கேள்வி: முகநூலில் "கிரிப் சுத்தம் செய்து தரப்படும், 15,000 ரூபாய்" என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?
– இளைஞர், இராகலை

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. உண்மையான தகவலை எவராலும் சுத்தம் செய்ய முடியாது. பிழையான தகவலை நீங்களே எழுதிக் கொடுத்துத் திருத்தலாம். இடையில் விளம்பரக்காரருக்கு வேலையே இல்லை. அடையாள அட்டையின் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் 15,000 ரூபாயைவிட அதுதான் கவலை. உங்கள் பெயரில் வேறு எங்கும் கடன் எழுந்திருக்கிறதா என்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: உடன் படிப்பிக்கும் ஆசிரியர் தன் தாயின் சிகிச்சைக்கு வங்கியில் கடன் எடுத்தபோது பிணை நின்றேன். தாயார் இறந்துவிட்டார். அவர் இரண்டு மாதமாகக் கட்டவில்லை. துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். நேற்று வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.
– ஆசிரியர், தலவாக்கலை

பதில்: ஐயா, பிணை நின்ற கடனும் உங்கள் அறிக்கையில் வருகிறது. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். நீங்கள் அந்தப் பணத்தில் ஒரு சதமும் தொடவில்லை என்பது அங்கே செல்லாது. சாட்சிக் கையெழுத்துப் போலப் பிணைக் கையெழுத்தையும் போடுவது நம் பாடசாலைகளில் பரவலான பழக்கம். ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போதே போட்டுவிடுகிறார்கள்.

துக்க வீட்டில் கேட்பது பண்பில்லை என்று நினைக்கிறீர்கள். கேட்காமல் இருந்தால் இரண்டு மாதம் ஆறு மாதமாகும், அப்போது நட்பும் இருக்காது. அவரையும் கூட்டிக்கொண்டு வங்கி முகாமையாளரைப் பாருங்கள். நிலுவை, வட்டி, தண்ட வட்டி எல்லாம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கடன் எடுத்தபோது கடன்காரருக்கு ஆயுள் காப்புறுதி போட்டிருப்பார்கள். அது கடன் எடுத்தவர் இறந்தால்தான், தாய் இறந்ததற்கு அல்ல, ஆகவே அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். கால எல்லையை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கால நீட்டிப்புக்கு நீங்களும் புதிதாகக் கையெழுத்திட வேண்டி வரும். படித்துப் பார்த்துப் போடுங்கள். இந்த இரண்டு தவணையை உங்களால் கட்ட முடியுமானால் நண்பரின் கையில் கொடுக்காமல் கடன் கணக்கில் நேரே கட்டி, பற்றுச்சீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் கேட்க அதுதான் ஆதாரம். பிணையிலிருந்து விலகுவது வங்கி சம்மதித்து வேறொருவரை ஏற்றுக்கொண்டால் மட்டுமே நடக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். குழுக் கடன் கொடுப்பவர்கள் லயத்துக்கே வந்து, மூன்று பெண்கள் சேர்ந்தால் நாளைக்கே பணம் என்கிறார்கள். எடுக்கலாமா?
– கல்லூரி மாணவி, பொகவந்தலாவை

பதில்: வேண்டாம், மகள். வாராவாரம் தவணை. அம்மாவுக்குப் பேர், அதாவது நாட்கூலி, கிடைக்காத வாரத்திலும் தவணை உண்டு. அம்மா கட்டாவிட்டால் மற்ற இரண்டு பெண்கள் கட்ட வேண்டும், அவர்கள் நாளைக்கும் அதே மலையில் அம்மாவோடு கொழுந்து பறிக்க வேண்டியவர்கள். ஏற்கெனவே எடுத்திருந்து, வசூலிக்க வருபவர் வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தினால் 1935 க்கு அழையுங்கள்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெளியில் வாங்கச் சொல்லும் பொருள், போக்குவரத்து, தனியாரிடம் போக வேண்டிய கட்டாயம் ஆகியவைதான் செலவு. எந்தப் பொருள், என்ன விலை என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். இருதய நோய்க்கு அங்கே உதவி உண்டு. 2025 ஆம் ஆண்டிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சத்திரசிகிச்சை நடப்பதற்கு முன்பே போங்கள்.

அடுத்தது அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3,00,000 ரூபாயாவது இருந்தால், வீட்டுக்கோ மருத்துவச் செலவுக்கோ மீதியின் 30 வீதத்தை ஓய்வு பெறுமுன்னே எடுக்கலாம். உச்சம் 20 இலட்சம். இது கடன் அல்ல. தவணையும் இல்லை, கிரிப்பிலும் வராது. அம்மாவின் வயோதிகக் காலப் பணம் குறைகிறது என்பது உண்மை, அதனால் ஜனாதிபதி நிதியத்தின் உதவி எவ்வளவு என்று தெரிந்தபின் இதைத் தொடுங்கள்.

விண்ணப்பிக்குமுன் கணக்கின் மீதியைப் பாருங்கள். சம்பளத்தில் வெட்டிய பணத்தை நிர்வாகம் சேமலாப நிதிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. மீதி குறைவாகத் தெரிந்தால் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளை அம்மா எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றிரவே கேளுங்கள்.